நடை இருக்கட்டும், அந்த வலது கை?

கேள்வி:

வணக்கமுங்க. நாங்க ஊத்துக்குளி பக்கம். நான் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு செக்கிங் வேலைக்குப் போறேன். பையனை மாமியார்தான் பார்த்துக்கறாங்க. அவனுக்கு 14 மாசம் ஆச்சு, இன்னும் நடக்கல. முட்டி போட்டுத் தவழவே இல்லீங்க. உட்கார்ந்த வாக்குலயே ஒரு கையை ஊனித் தள்ளித் தள்ளி வூடு பூரா போயிட்டு வந்துடறான். ஒரு மாசமா கட்டிலைப் பிடிச்சு எந்திரிச்சு நிக்கறான். எங்க நங்கையா பையன் பத்து மாசத்துல ஓடுனான். இவன் குறை மாசம், 34 வாரத்துல பொறந்தான். 1 கிலோ 900 கிராம். ஒன்பது நாள் வார்மர்ல வெச்சிருந்தாங்க. வாக்கர் வாங்கலாம்னு அவங்கப்பா சொல்றாரு. மணல்ல குழி தோண்டி இடுப்பு வரைக்கும் நிக்க வெச்சா கால் ஊனும்னு பக்கத்து வூட்டம்மா சொல்றாங்க. அடுத்த மாசம் கோயில்ல மொட்டையடிச்சுக் காது குத்தறோம். ஒரம்பரை எல்லாம் வந்து "இன்னுமா நடக்கல"ன்னு கேட்பாங்களேன்னு வெசனமா இருக்குது. இன்னொண்ணு: பையன் எங்கப்பா மாதிரியே நொட்டாங்கைக்காரன். ஆறேழு மாசத்துல இருந்தே எதைக் கொடுத்தாலும் இடது கையிலதான் வாங்குவான். மாமியார் "சோத்தாங்கையில வாங்குடா"ன்னு அவன்கூட சண்டை போடறாங்க. இடது கைப் பழக்கம் தப்பில்லைன்னு நீங்களே சொல்லிடுங்க.

பதில்:

அம்மிணி, நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இடது கைப் பழக்கம் தப்பே இல்லை. ஆனால் ஆறேழு மாதக் குழந்தைக்கு இடது கைப் பழக்கம் என்று ஒன்று கிடையாது. உங்கள் கடிதத்தில் நடை பற்றி எழுதியதை ஒரு தடவை படித்தேன், இந்தக் கை விஷயத்தை மூன்று தடவை படித்தேன். இந்த வாரத்துக்குள் ஒரு நாள் லீவு போட்டுப் பையனைக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நடக்கவில்லை என்பதற்காகப் போக வேண்டாம். அந்த வலது கையைப் பார்க்கச் சொல்லிப் போங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். முதல் வருஷத்தில் குழந்தைக்கு இரண்டு கையும் ஒன்றுதான். கிலுகிலுப்பையை வலப்பக்கம் நீட்டினால் வலது கை வரும், இடப்பக்கம் நீட்டினால் இடது கை வரும். ஒரு கை மற்றதை முந்த ஆரம்பிப்பது ஒன்றரை வயதை ஒட்டி. அது நன்றாக நிலைப்பதற்கு இரண்டு, மூன்று, சிலருக்கு நான்கு வயதுகூட ஆகும். உலகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இடது கைக்காரர். அப்புச்சி அந்த ஒருவர், பேரனும் பின்னால் அப்படி ஆகலாம். ஆனால் ஒரு வயதுக்கு முன்பே எப்போது பார்த்தாலும் ஒரே கைதான் வருகிறது என்றால், பிசியோதெரபிஸ்ட்களான நாங்கள் அந்தக் கையின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்க மாட்டோம். மற்றக் கை ஏன் வரவில்லை என்றுதான் பார்ப்போம்.

வராததற்குப் பல காரணம் இருக்கலாம். குறை மாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் மூளையில் சில பகுதிகள் மிக மென்மையானவை. பிறக்கும் நேரத்திலோ அதை ஒட்டியோ அங்கே ரத்தக் கசிவோ ரத்த ஓட்டக் குறைவோ ஏற்பட்டிருந்தால், எதிர்ப்பக்கத்துக் கையும் காலும் கொஞ்சம் இறுக்கமாகும், சோம்பலாகும். ஒரு பக்கத்துப் பெருமூளை வாதம் என்பார்கள். சில குழந்தைகளுக்குப் பிரசவத்தின்போது தோளுக்குப் போகும் நரம்பு இழுபட்டிருக்கும். சிலருக்கு எதுவுமே இருக்காது. உங்கள் பையன் எந்த வகை என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. 34 வாரம் என்பது 28 வாரம் மாதிரி இல்லை, ஆபத்து அதைவிட எவ்வளவோ குறைவு. இருந்தாலும் காட்டாமல் இருக்க முடியாது.

சாதாரணமான காரணம் ஒன்றும் உண்டு, அதையும் சொல்கிறேன். நீங்களும் மாமியாரும் பையனை எந்த இடுப்பில் தூக்குகிறீர்கள்? வலது கையில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் குழந்தையை இடது இடுப்பில் வைத்துக்கொள்வார்கள். அப்படி வைத்தால் குழந்தையின் வலது கை உங்கள் முதுகுப் பக்கம் போய்விடும், இடது கைதான் முன்னால் வெளியே இருக்கும். நாள் பூராவும் அந்தக் கைக்குத்தான் பிஸ்கட், அந்தக் கைக்குத்தான் சாவிக்கொத்து. இன்றிலிருந்தே பாதி நேரம் வலது இடுப்புக்கு மாற்றுங்கள். கை பளு மாறினால் கொஞ்சம் தடுமாறும், பழகிவிடும். ஆனால் இதைச் செய்து பார்த்து ஒரு மாதம் கழித்து டாக்டரிடம் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

போவதற்கு முன்னால் வீட்டிலேயே சிலவற்றைக் கவனித்து வையுங்கள். இடது கையில் ஒரு பொருள் இருக்கும்போது இன்னொன்றை வலப்பக்கம் நீட்டினால் என்ன செய்கிறான்? வலது கையை நீட்டுகிறானா, இல்லை இடது கையில் இருப்பதைப் போட்டுவிட்டு உடம்பைத் திருப்பிக்கொண்டு அதே கையால் வாங்குகிறானா? இரண்டு கை வேண்டியிருக்கும் அளவுக்குப் பெரிய பந்தை உருட்டிவிட்டால் எப்படிப் பிடிக்கிறான்? விழித்திருக்கும்போது வலது கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி, மேலே மற்ற விரல்கள் மூடிக் கிடக்கிறதா? சட்டை போடும்போது எந்தக் கைக்குச் சிரமம்? ஜட்டி மாற்றும்போது இரண்டு காலும் ஒரே மாதிரி விரிகின்றனவா? கட்டிலைப் பிடித்து நிற்கும்போது வலது குதிகால் தரையில் படிகிறதா, தூக்கிக்கொண்டு நிற்கிறதா?

கை தட்டுகிறானா என்றும் பாருங்கள். நம் பிள்ளைத்தமிழில் குழந்தையை உட்கார வைத்து இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டச் சொல்லும் பருவம் ஒன்பதாம் மாதத்தை ஒட்டி வரும். அதற்குப் பெயர் சப்பாணி. இன்றைக்கு அந்தச் சொல்லை நாம் கால் நடக்காதவரைக் குத்திக்காட்டத்தான் எடுக்கிறோம். புலவர்கள் பாடியது கை கொட்டும் குழந்தையை. தனியாக உட்காரும் பலம், இரண்டு கையும் நடு மார்புக்கு நேராக வந்து சேர்வது, இரண்டும் ஒரே வேகத்தில் அசைவது என்று மூன்று விஷயத்தை ஒரே விளையாட்டில் பார்த்துவிடலாம். நான் பையில் வைத்திருக்கும் பொம்மைகளைவிட இது நல்ல சோதனை.

இதையெல்லாம் அவனைப் போட்டு வதைத்துப் பார்க்க வேண்டியதில்லை. அவன் பாட்டுக்கு விளையாடும்போது செல்போனில் இரண்டு மூன்று நிமிஷம் படம் பிடித்து வையுங்கள். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் குழந்தை அழும், அழுகிற குழந்தை எங்களுக்கு ஒன்றையும் காட்டாது. அவன் நகர்ந்து போவதையும் தவறாமல் பிடியுங்கள். "ஒரு கையை ஊனி" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கை என்று எழுதவில்லை. எனக்குப் பதில் தெரியும் போலத்தான் இருக்கிறது, ஆனாலும் பாருங்கள்.

உங்கள் மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் போடும் சண்டை வேண்டாம், வராத கையை வம்பு பண்ணினால் குழந்தை அந்தக் கையை இன்னும் வெறுக்கும். ஆனால் நாள் முழுக்க அவனோடு இருப்பவர் அவர்தான், வலது கை வரவில்லை என்பதை முதலில் பார்த்தவரும் அவர்தான். டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்கிற கேள்விகளில் பாதிக்கு அவரால்தான் பதில் சொல்ல முடியும்.

இனி நடைக்கு வருகிறேன்.

முதலில் அவன் வயதைச் சரியாக எண்ணுவோம். முழு மாதம் என்பது 40 வாரம். அவன் 34-ல் வந்துவிட்டான். ஆறு வாரம், அதாவது ஒன்றரை மாதம் முன்கூட்டி. 14-ல் அதைக் கழித்தால் அவனுக்கு இப்போது 12½ மாதம். உட்காருவது, நிற்பது, நடப்பது எல்லாவற்றுக்கும் இரண்டு வயது வரை இந்தக் கழித்த வயதைத்தான் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, அது பிறந்த தேதிப்படிதான்.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து, 2006-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. நல்ல ஆரோக்கியமான குழந்தைகள் துணையில்லாமல் உட்கார்ந்தது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள். எதையாவது பிடித்து நின்றது 4.8 முதல் 11.4-க்குள். தனியாக நடந்தது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள். கடைசி எண்ணை இன்னொரு தடவை படியுங்கள். சீக்கிரம் நடந்த குழந்தைக்கும் தாமதமாக நடந்த குழந்தைக்கும் ஒன்பது மாதத்துக்கு மேல் வித்தியாசம், இரண்டுமே ஆரோக்கியமான குழந்தைகள். உங்கள் நங்கையா பையன் ஒரு ஓரம், உங்கள் பையன் நடுவில் எங்கோ. என் மகள் 16 மாதத்தில்தான் நடந்தாள். ஊரான் பிள்ளைக்கெல்லாம் பொறுமை சொல்கிற நான் அந்த இரண்டு மாதம் தூங்கவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

தவழாதது தனியாக ஒரு குறை இல்லை. அதே கணக்கில் நூற்றுக்கு நாலு பேர் முட்டி போட்டுத் தவழவே இல்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-ல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழுதலை அதிலிருந்து எடுத்தே விட்டது. உட்கார்ந்தே நகரும் குழந்தைகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன். பல வீடுகளில் விசாரித்தால் அப்பாவோ சித்தப்பாவோ அப்படியேதான் நகர்ந்திருப்பார். இவர்கள் நடப்பதற்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் தாமதமாகும், கையில் பொருளை வைத்துக்கொண்டே ஊர் சுற்றத் தெரிந்தவனுக்கு எழுந்து நிற்க என்ன அவசரம்? ஆனால் இரண்டு காலையும் சமமாக இழுத்து நகர்வது வேறு, ஒரு பக்கத்தையே தள்ளிக்கொண்டு மற்றப் பக்கம் பின்னால் இழுபட்டு வருவது வேறு. அதனால்தான் அந்தப் படத்தைப் பிடிக்கச் சொன்னேன்.

ஒரு மாதமாகக் கட்டிலைப் பிடித்து எழுகிறான் என்பது உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி. போன மாதம் இல்லாத ஒன்று இந்த மாதம் வந்திருக்கிறது. அடுத்து கட்டிலைப் பிடித்தபடி பக்கவாட்டில் அடி எடுத்து வைப்பான், பிறகு ஒரு கையை விடுவான், பிறகு இரண்டையும். கழித்த வயது 18 மாதம் ஆகியும் தனியாக நடக்கவில்லை என்றால், அதாவது பிறந்தநாள் கணக்கில் 19½ மாதத்தில், நடைக்காகவே தனியாகக் காட்ட வேண்டும். வந்த திறமை ஒன்று போய்விட்டால், உட்கார்ந்தவன் சாய்ந்துவிட்டால், சொன்ன வார்த்தை நின்றுவிட்டால், எந்த வயதானாலும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

வாக்கர் வேண்டாம். கண்டிப்பாக வேண்டாம். அவங்கப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். அதில் உட்கார்ந்த குழந்தை நுனிக்காலால் உந்துகிறது, தன் பாதத்தையே பார்ப்பதில்லை, விழாமல் நிற்பது எப்படி என்று உடம்பு கற்றுக்கொள்ளவே இடமில்லை. நடை சீக்கிரம் வராது, தள்ளிப்போகத்தான் செய்யும். நம் வீடுகளில் ஆசாரம் என்கிற கூடத்துக்கும் வாசலுக்கும் நடுவில் படி, திண்ணை ஓரம், கொல்லைப்புறப் பொடக்காலியில் விறகடுப்பு. அந்தச் சக்கரம் கண் மூடித் திறப்பதற்குள் அங்கே போய் நிற்கும். கனடாவில் 2004-லேயே வாக்கர் விற்பதைத் தடை செய்துவிட்டார்கள். உங்கள் பையனுக்குக் கூடுதல் காரணமும் இருக்கிறது: வலது காலில் இறுக்கம் ஏதாவது இருந்தால் நுனிக்கால் பழக்கம் அதை மோசமாக்கும்.

அந்தப் பணத்துக்கு ஆசாரியிடம் சொல்லி ஒரு மர நடைவண்டி செய்துகொள்ளுங்கள். பெயரில்தான் இரண்டுக்கும் ஒற்றுமை. வாக்கர் குழந்தையைச் சுமக்கிறது, நடைவண்டியைக் குழந்தை தள்ளுகிறது. எழுந்து நின்று, இரண்டு கையாலும் குறுக்குச் சட்டத்தைப் பிடித்து, தன் எடையைத் தன் காலிலேயே தாங்க வேண்டும். இரண்டு கை என்பதைக் கவனியுங்கள், இவனுக்கு அது மருந்து மாதிரி. வண்டி வழுக்கி ஓடாமல் இருக்க அடிப்பலகையில் இரண்டு கிலோ அரிசியைப் பையோடு கட்டுங்கள். கட்டிலைப் பிடித்துப் பக்கவாட்டில் அடி வைக்க ஆரம்பித்த பிறகு கொடுத்தால் போதும். வீட்டுக்குள் வெறுங்கால்தான் நல்லது. நடந்தால் கீச் கீச்சென்று சத்தம் போடும் ஷூ காதுகுத்துக்கு அழகாக இருக்கும், அன்று ஒரு நாள் போடுங்கள்.

மணல் குழி விஷயம். இடுப்பு வரை மண் பிடித்துக்கொண்டிருக்கும்போது குழந்தையின் கால் என்ன வேலை செய்யும்? குழிதான் நிற்கிறது, குழந்தை நிற்கவில்லை. வெயில், எறும்பு, பயம், இவைதான் மிச்சம். ஆற்று மணல் இன்றைக்கு விற்கிற விலையில் உங்கள் பையன் தப்பித்தான் என்று நினைக்கிறேன். மணலில் உட்கார வைத்து அள்ளி விளையாட விடுவது நல்லது, அதிலும் வலது கையால் அள்ள ஒரு கிண்ணத்தை வலப்பக்கம் வையுங்கள். இன்னொன்று, யாராவது "உரம் விழுந்திருக்கும், எடுத்துவிடலாம்" என்று சேலையில் போட்டு உருட்டவோ காலைப் பிடித்துத் தலைகீழாக உதறவோ வந்தால் குழந்தையைக் கொடுக்காதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் மனசு கிடையாது. சின்னக் குழந்தையின் கழுத்தும் மூளையும் அந்த உதறலைத் தாங்காது.

நான் பிசியோதெரபிஸ்ட், மருந்து எழுதுவது என் வேலை இல்லை. ஆனால் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லலாம். குறை மாதக் குழந்தை உடம்பில் இரும்புச்சத்துச் சேமிப்பு குறைவாகத்தான் இருக்கும், அதற்குச் சொட்டு மருந்து கொடுத்தார்களா, எப்போது நிறுத்தினீர்கள்? வைட்டமின் டி சொட்டு முதல் வருஷம் கொடுத்தீர்களா? நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் வீட்டுக்குள்ளேயே வளரும் குழந்தைக்குக் குறைவு வருகிறது. நீங்கள் முட்டை, கறி எதுவும் சாப்பிடாத வீடாக இருந்து பையன் தாய்ப்பாலில் வளர்ந்திருந்தால் பி12 பற்றியும் கேளுங்கள். இவை எல்லாம் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான் சோர்வாக்கும், ஒரு கையை மட்டும் பிடிக்காது. அதனால் ரத்தப் பரிசோதனை சரியாக வந்துவிட்டது, கையைப் பற்றிக் கவலையில்லை என்று யாரும் சொன்னால் ஏற்காதீர்கள்.

எங்கே போவது? தனியார் டாக்டரிடம் போனாலும் சரி, அரசு வழியும் உண்டு. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், குழந்தையின் வளர்ச்சிக் குறையைச் சீக்கிரமே கண்டுபிடித்துச் சிகிச்சை தரும் ஆரம்பகட்ட இடையீட்டு மையங்கள் மாவட்ட அளவில் நடக்கின்றன. டி.இ.ஐ.சி. என்றால் தெரியும். குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சு, காது, கண் பார்ப்பவர்களை ஒரே இடத்தில் பார்க்க முடிந்தால் உங்களுக்கு இன்னொரு நாள் சம்பளம் போகாது, கட்டணமும் இல்லை. உங்கள் கிராம சுகாதார செவிலியரையோ அங்கன்வாடி டீச்சரையோ கேட்டால் எங்கே, எந்த நாள் என்று சொல்லி அனுப்புவார்கள். வார்மரில் இருந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, தலை ஸ்கேன் எடுத்திருந்தால் அது, தடுப்பூசி அட்டை, செல்போன் படம் நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு எடையில் பிறந்தவனுக்குக் கண் விழித்திரை பார்த்தார்களா, காது பார்த்தார்களா என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

அங்கே அவனைத் தரைப்பாயில் விட்டு விளையாட வைப்பார்கள், கைகால் இறுக்கத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். வயிற்றைப் பிடித்துத் தூக்கி முன்பக்கமாகச் சட்டென்று சாய்ப்பார்கள். விழப் போகிறோம் என்று குழந்தை இரண்டு கையையும் முன்னால் நீட்டும், ஒரு கை மட்டும் வந்தால் அப்போதே தெரிந்துவிடும். நீங்கள் அதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம்.

ஒருவேளை அந்தப் பக்கம் பலவீனம்தான் என்று சொன்னால்? ஒரு பக்கம் மட்டும் பாதித்த குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் நடந்துவிடுகிறார்கள், பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனால் கைக்குப் பயிற்சி சீக்கிரம் ஆரம்பித்தால் கிடைக்கும் பலன், மூன்று வயதில் ஆரம்பித்தால் கிடைப்பதில்லை. இடது கைக்காரி என்றே நினைத்து நாலு வயது வரை வைத்திருந்து, ஸ்கூலில் டீச்சர் சொன்ன பிறகு என்னிடம் கூட்டி வந்த ஒரு பெண் குழந்தை இன்னும் என் நினைவில் இருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனால் ஜடை பின்ன இன்னொரு கை வேண்டும். நல்ல கைக்கு ஒரு சின்ன உறை போட்டுத் தினமும் கொஞ்ச நேரம் மற்றக் கையை மட்டும் விளையாட விடுவது ஒரு முறை. எவ்வளவு நேரம், எத்தனை வாரம் என்பது பயிற்சியாளர் கணக்கு. இதைப் படித்துவிட்டு நீங்களாக அவன் இடது கையைக் கட்டிப்போடாதீர்கள்.

காதுகுத்துக்கு முன்னாலேயே போய் வந்துவிடுங்கள். ஒரம்பரை கேட்டால், "குறை மாசத்துல வந்தவனுங்க, ஒன்றரை மாசம் கழிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு இலையில் பாயசத்தை ஊற்றுங்கள். அவர்களுக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.

அன்றைக்குப் புதுச் சட்டை போடுவீர்கள் அல்லவா, வலது கையை முதலில் நுழையுங்கள், இடது கை அடுத்து. கழற்றும்போது இடது கை முதலில், வலது கை கடைசியில். டாக்டர் பார்க்கும் வரை இப்படியே போடுங்கள், அந்தக் கையை இழுக்க வேண்டியிருக்காது.